லூர்துராணி போட்ட வட்டம்

லூர்துராணி சீட்டு எழுதுகிற வேகத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பேர், வயசு, தெரு, என்ன தொந்தரவு என்று நாலே கேள்வி. நாலாவதற்குப் பதில் சொல்லி நோயாளி வாயை மூடுவதற்குள் சீட்டு கிழிந்து அவர் கைக்கு வந்திருக்கும். திருச்சியின் பழைய ஊருக்குள், கடைவீதியின் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ். சீட்டு எழுதுவது நர்ஸின் வேலையா என்று கேட்கக் கூடாது. ஆள் இல்லை, இரண்டு வாரத்துக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அந்த இரண்டு வாரம் பதினோரு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

பதினோரு மணிக்குள் நூற்று நாற்பது சீட்டு. இதை அவர் குறையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை, பெருமையாகத்தான் சொல்வார். பெருமைப்படக் கூடியதுதான். சந்தேகம் உள்ளவர்கள் ஒரு திங்கட்கிழமை வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆரம்பத்தில் அவர் இப்படி வேகமான ஆள் இல்லை. துறையூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்து, நர்சிங் முடித்து, முதல் வேலை பச்சைமலையில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் வந்தால் அதிகம். வந்தவர்களோடு அரை மணி நேரம் பேசுவார். பஸ் வருகிறவரைக்கும் அவர்களுக்கும் வேறு வேலை இல்லை, இவருக்கும் இல்லை. யார் வீட்டு மரவள்ளியைப் பன்றி தின்றது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் மருந்துப் பெட்டியோடு சேர்ந்து அவருக்குத் தெரியும்.

டவுனுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் கைக்கு வேகம் வந்தது. அதன் உச்சம் ஸ்ரீரங்கத்தில். வைகுண்ட ஏகாதசிக்கு அங்கே போடும் மருத்துவ முகாமுக்கு அவரை அனுப்பினார்கள். வரிசையில் காலையில் நின்ற ஆளே மத்தியானமும் வந்து நின்று, அதே முட்டி வலிக்கு இரண்டாம் தடவை தைலம் வாங்கிப் போவதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தது லூர்துராணிதான். அப்படிப்பட்டவர்களின் சீட்டு மூலையில் சிவப்புப் பேனாவால் மிளகளவு ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கும் டாக்டருக்குப் புரிந்துவிடும், ஏற்கெனவே பார்த்த கேஸ் என்று. முகாம் முடிந்ததும் பொறுப்பாளர் எல்லார் முன்னாலும் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

பாராட்டு வாங்கிய எதையும் யாரும் விட்டுவிட்டு வருவதில்லை. வட்டமும் லூர்துராணியோடு பழைய ஊருக்கு வந்து சேர்ந்தது.

இங்கே அதற்கு அர்த்தம் கொஞ்சம் மாறியது. வாரத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை வருகிறவர்கள் எந்த ஆஸ்பத்திரியிலும் உண்டு. இன்றைக்குத் தலைவலி, நாளைக்கு நெஞ்சு படபடப்பு, அதற்கு அடுத்த நாள் கை மரத்துப் போகிறது. ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் வருவார்கள். அவர்கள் சீட்டில் வட்டம் ஏறும். வட்டத்தைப் பார்த்ததும் டாக்டர் இரண்டு வார்த்தை இதமாகப் பேசி எழுந்திருக்க வைப்பார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் பத்து மஞ்சள் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு. மூன்று டாக்டர்கள் மாறிப் போனார்கள், வட்டம் மட்டும் மாறவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நூற்று நாற்பது பேருக்கு ஒரே டாக்டர் என்றால் எங்கேயாவது ஒரு குறுக்குவழி முளைக்கத்தான் செய்யும்.

இந்த வட்டத்துக்குள் வந்தவர்களில் ஒருவர்தான் ஷரபுன்னிசா. நாற்பத்தேழு வயது. கணவர் ஹபீபுல்லா பக்கத்துத் தெருவில் பாய், தலையணைக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் ஷாஜியா, பட்டப்படிப்பை முடித்துவிட்டு மேலே படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். ஷரபுன்னிசா ஒன்றேகால் வருஷமாக வந்துகொண்டிருந்தார். வயிறு எரிகிறது, பிடரி இழுக்கிறது, மூச்சு பாதியில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார். சத்தம் போட மாட்டார், வரிசையை முந்த மாட்டார். பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுருட்டிக் கையில் வைத்திருப்பார். அவர் படியேறுவதைப் பார்த்ததும், அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, லூர்துராணியின் கை சிவப்புப் பேனாவைத் தேடும்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. கூட்டமெல்லாம் வடிந்து, பன்னிரண்டரை மணிக்கு லூர்துராணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனபோது ஷரபுன்னிசா இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தவிர பிச்சமுத்து என்ற பெரியவர் மட்டும் இருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டில் இருப்பவர், தினமும் வந்து பிரஷர் பார்த்துக்கொண்டு போகிறவர். அவருக்கும் வட்டம் உண்டு.

ஷரபுன்னிசா எழுந்து வந்து பையிலிருந்த சீட்டுகளை மேஜைமேல் எடுத்து, தேதிவாரியாக வரிசையாகப் பரப்பினார். அறுபத்து நாலு சீட்டு. மேஜை போதவில்லை, கடைசிப் பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"முதல் மூணுல இது இல்ல சிஸ்டர். நாலாவதுலேர்ந்து எல்லாத்துலயும் இருக்கு" என்று சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார். "மூணாவது தடவை வந்தப்பதான் ரத்தம் எடுத்தீங்க. ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் வட்டம் வருது. பக்கத்து வீட்டு ஆளுங்க சீட்டையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். யாருக்கும் இல்ல."

ஷரபுன்னிசா குரலை உயர்த்தவில்லை. மார்க்கெட்டில் காய்க்கு விலை கேட்கிற குரலில்தான் மேலே கேட்டார்.

"எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லுங்க."

பதினோரு வருஷமாகப் பழகிய வாய். லூர்துராணி யோசிப்பதற்கு முன்னாலேயே அது, "அய்யோ, உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டது.

ஷரபுன்னிசா சிரித்தார். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை. "என் தங்கச்சிகிட்ட நானும் இதையேதான் சொன்னேன்" என்றார்.

பிறகு நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். தங்கை இர்பானாவுக்கு வயிற்றில் புற்றுநோய். தெரிந்தபோதே முற்றியிருந்தது. டாக்டர், வீட்டு ஆட்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டு ஆட்கள் கூடிப் பேசி, இர்பானாவிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள் என்று முடிவு செய்தார்கள். நம் ஊரில் எந்த வீட்டில்தான் அப்படி முடிவு செய்யாமல் இருக்கிறார்கள்? அல்சர் என்று சொல்லிச் சமாளிக்கும் பொறுப்பு அக்காவான ஷரபுன்னிசாவுக்கு வந்தது. நாலு மாசம் சொன்னார். ரிப்போர்ட்டை மாற்றி வைத்தார், மருந்து அட்டையைக் கிழித்து எறிந்தார். கடைசி வாரத்தில் இர்பானா கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, எனக்கு என்னன்னு நீயாவது சொல்லு என்று கேட்டாள். அப்போதும் அல்சர் என்றுதான் சொன்னார். மறுநாள் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

"எப்படி மறைப்பாங்கன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். டாக்டரம்மா என்கிட்ட மட்டும் மெதுவா பேசுவாங்க. மாத்திரை கொடுக்கறவங்க மூஞ்சியைப் பார்க்காம கொடுப்பாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்." "மவளுக்குக் கோயம்புத்தூர்ல மேல்படிப்புக்கு எடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும். போகாதேன்னுட்டேன். ஏன்னு கேக்கறா, சொல்ல முடியல. என் முகத்தைப் பார்த்துப் பேசறதே இல்ல. எனக்கு நாள் இருக்குன்னா அனுப்பிடுவேன். இல்லைன்னா, இருக்கறவரைக்கும் அவ என்கூட இருக்கட்டும்."

இப்போது லூர்துராணியின் நிலைமையை யோசித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நோய் இல்லை என்று ஆயிரம் தடவை சொன்னாலும் இந்த அம்மா நம்பப் போவதில்லை. அந்த வார்த்தையை வைத்துத்தான் அவரே தன் தங்கையை ஏமாற்றியிருக்கிறார். அவர் நம்பக் கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்த வட்டத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்பது. அதைச் சொன்னால் இத்தனை நாள் வலியோடு வந்த ஒரு பெண்ணிடம், உன்னை நாங்கள் சும்மா வருகிறவள் என்று நினைத்தோம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர் புகார் எழுதிப் போட்டால் வேலைக்கே வில்லங்கம். பேச்சு நீள்வதைக் கேட்டு அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் ரேஷ்மா, வந்து ஆறு மாசமான டாக்டர், சிஸ்டர் கொஞ்சம் உள்ளே வாங்க என்று கண்ணால் கூப்பிட்டார். லூர்துராணி போகவில்லை.

"அந்த வட்டத்தை நான்தான் போட்டேன்" என்றார். "அது நோய் இருக்குன்னு போட்டது இல்ல. அடிக்கடி வர்றவங்க, டெஸ்ட்ல ஒண்ணும் தெரியல, சீக்கிரம் அனுப்பிடலாம்னு அர்த்தம். உங்களை மாதிரி முப்பத்தேழு பேருக்குப் போட்டிருக்கேன்."

ஷரபுன்னிசாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது.

"நான் சும்மா வர்றேன்னு நினைச்சீங்களா?"

"ஆமாம்மா. நினைச்சேன். தப்பு என்னோடது."

பெஞ்சில் பிச்சமுத்து அசைந்தார். அவர் இருப்பதையே எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கும் இருக்கே, எப்போதிலிருந்து என்று கேட்டார். ஒன்பது வருஷமாக என்று லூர்துராணி சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"என் வீட்டுக்காரம்மா போயி ஒன்பது வருசம் ஆவுது."

மருந்து ஜன்னலை மூடப் போன கை நின்றது. நூற்று நாற்பது சீட்டை இரண்டரை மணி நேரத்தில் எழுதுகிற லூர்துராணிக்கு ஒன்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற மனுஷரின் மனைவி செத்துப்போன விஷயம் தெரிந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சாப்பிடவில்லை. கணவர் ஜெய்சங்கர் ரயில்வேக்காரர், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவர். அவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு வேறு யார்தான் என்ன செய்திருக்க முடியும் என்று சமாதானம் சொன்னார். அது உண்மைதான் என்று லூர்துராணிக்கும் தெரியும். ஆனாலும், பச்சைமலையில எனக்கு வட்டம் தேவைப்படலையே என்று மட்டும் சொன்னார். ஜெய்சங்கர் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

ஷரபுன்னிசா பாதி நம்பினார். அப்படி ஒரு அவமானமான கதையை யாரும் வேண்டுமென்றே கட்ட மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மீதிப் பாதி மனசு, இதுவும் எனக்காகச் சொல்கிற பொய்யாக இருந்தால் என்று கேட்டது. அதைத் திங்கட்கிழமை கிளம்பும்போதே வாய்விட்டுக் கேட்டுவிட்டார். டாக்டர் ரேஷ்மா வயிற்றுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். தேவை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பயத்தை உட்கார வைக்க அது வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மறுநாள் லூர்துராணி லீவு போட்டுக் கூடப் போனார். அவர் லீவு போட்டார் என்ற செய்தியே சுகாதார நிலையத்தில் ஒரு அதிசயமாகப் பேசப்பட்டது.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில்தான் காரியம் கெடப் பார்த்தது. படம் எடுத்து முடித்த டாக்டர் வெளியே வந்து, கூட வந்திருந்த ஹபீபுல்லாவைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, நீங்க மட்டும் உள்ளே வாங்க பாய் என்று கூப்பிட்டார். கெட்ட செய்தி ஒன்றுமில்லை, அவருக்கு அது பழக்கம். வீட்டு ஆம்பிளையிடம் சொல்லிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று இருக்கிறவர். ஹபீபுல்லாவும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை ஷரபுன்னிசா இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறார், இர்பானா வெளியே உட்கார்ந்திருந்தபோது.

லூர்துராணி கதவுக்குக் குறுக்கே போய் நின்றார். ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண்மணி. நோயாளி இவங்கதான், இவங்க முன்னாடியே சொல்லுங்க சார் என்றார். அந்த டாக்டருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, நர்ஸம்மாவுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். சொல்லுங்க சார் என்றார் மறுபடியும், அதே குரலில். அந்தக் குரலில் எத்தனையோ முரட்டு ஆட்களை வரிசையில் நிற்க வைத்தவர் அவர். டாக்டர் திரையை ஷரபுன்னிசா பக்கம் திருப்பி, கல்லீரல் இது, பித்தப்பை இது, கட்டி எதுவும் இல்லை பாருங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஷரபுன்னிசா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி, எல்லாவற்றையும் பார்த்தார். இந்த ஓரத்தில் கருப்பாகத் தெரிகிறதே, அது என்ன என்று ஒரு கேள்வியும் கேட்டார். அது காற்று என்றார் டாக்டர்.

புதன்கிழமை ரேஷ்மா டாக்டர் ஷரபுன்னிசாவை எல்லாருக்கும் கடைசியாக வரச் சொல்லி, கதவைச் சாத்தி, முக்கால் மணி நேரம் பேசினார். லூர்துராணியும் கூட இருந்தார், ஷரபுன்னிசாவே கேட்டுக்கொண்டதால். ஸ்கேன் சரியாக இருக்கிறது, சந்தோஷமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தால் அடுத்த வாரம் அவர் வேறு வலியோடு வந்து நின்றிருப்பார். ரேஷ்மா அப்படி அனுப்பவில்லை.

"உங்களுக்கு வலி நிஜமாவே இருக்கும்மா. நீங்க கற்பனை பண்ணல" என்றார். "தங்கச்சி விஷயத்துல பட்ட துக்கமும் பயமும் சேர்ந்து உடம்பைப் பிடிச்சிருக்கு. மனசு தாங்க முடியாததை வயிறும் நெஞ்சும் சுமக்குது. இதுவும் நோய்தான். இதுக்கு மருந்து இருக்கு, பேசறதுக்கு ஆளும் இருக்காங்க. சரியாகிறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

ஷரபுன்னிசா அழுதார். இர்பானா மௌத்தான அன்றுகூட வேலையிருக்கிறது, வந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று அழாமல் இருந்தவர். ஒன்றேகால் வருஷமாக எல்லாரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய இடத்தில் ஒருவர், இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நோய் இருக்கிறது என்று கேட்டு ஒரு நோயாளி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை லூர்துராணி அன்றைக்குத்தான் பார்த்தார்.

இதற்கு அப்புறம் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடலாம். மாசக் கடைசியில் சுற்றுவட்டாரத்துச் சுகாதார நிலையக்காரர்கள் எல்லாரும் கூடும் கூட்டத்தில் லூர்துராணி எழுந்து நின்று, யாரும் கேட்காமலேயே, வட்டத்தைப் பற்றிச் சொன்னார். போட்டது நான், பெருமையாகப் போட்டேன், தப்பு என்றார். மேலதிகாரி என்ன செய்வாரோ என்று ரேஷ்மா பயந்துகொண்டிருந்தார். நடந்தது வேறு. முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் எழுந்து, நாங்கள் நட்சத்திரம் போடுவோம் என்றார். இன்னோர் இடத்தில் சீட்டின் மூலையை மடித்துக் கொடுப்பார்களாம். ஓரிடத்தில் பேருக்குக் கீழே இரண்டு கோடு. யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் எல்லா இடத்திலும் அதே காரியம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று அதிகாரி யாரையும் திட்டவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் இப்படி வருகிறவர்களோடு பேச ஒரு இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், மாதம் இரண்டு முறை மனநல டாக்டரை அனுப்பப் பார்க்கிறேன் என்றார். அவர் சொன்னபடி டாக்டரும் வந்தார், அது இன்னும் பெரிய அதிசயம்.

அந்த முப்பத்தேழு பேரையும் லூர்துராணி ஒவ்வொருவராக வரவழைத்தார். ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது. நீங்கள் எங்களிடம் வர ஆரம்பித்த சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது? முப்பத்தொரு பேர் மாசத்தோடு சொன்னார்கள். மகன் ஓடிப்போன மாசம், கடை எரிந்த மாசம், மருமகள் கை நீட்டிய மாசம். மீதி ஆறு பேரில் இரண்டு பேருக்கு மறுபடி நன்றாகப் பரிசோதித்ததில் தைராய்டும் ரத்தசோகையும் வெளியே வந்தன. வட்டத்தைப் பார்த்து அதையும் கோட்டை விட்டிருந்தோம் என்று லூர்துராணி தானே அடுத்த கூட்டத்தில் சொன்னார். பிச்சமுத்து இப்போதும் தினமும் வருகிறார். பிரஷர் பார்ப்பது வாரத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாளில் வரிசையை ஒழுங்குபடுத்துகிறார், சத்தம் போடுகிறவர்களை அடக்குகிறார். பணிமனையில் முப்பத்தாறு வருஷம் இருந்த குரல் அது, தெருக்கோடி வரைக்கும் போகும்.

இனி, ஸ்கேன் எடுத்த அதே வாரம், ஷாஜியா கோயம்புத்தூருக்குப் போன வியாழக்கிழமை.

புதன்கிழமை ராத்திரி ஷரபுன்னிசா மகளிடம், நீ போ, பெட்டியைக் கட்டு என்று மட்டும்தான் சொன்னார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. ஷாஜியா சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று தெரியாமல் பெட்டியைக் கட்டினாள். காலையில் ஜங்ஷனுக்கு வந்து நின்றார்கள் தாயும் மகளும் ஹபீபுல்லாவும். லூர்துராணியும் வந்திருந்தார். டூட்டிக்கு நேரமாகிவிடும் என்று தெரிந்தும், ஷரபுன்னிசா போன் செய்து கூப்பிட்டதால் வந்திருந்தார்.

ரயில் வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஷாஜியா லூர்துராணியைக் கொஞ்சம் ஓரமாக அழைத்தாள். ஆன்ட்டி, அம்மாவுக்கு நிஜமா என்ன, என்கிட்ட மட்டும் சொல்லுங்க, அம்மாகிட்ட காட்டிக்க மாட்டேன் என்றாள். இருபத்தோரு வயசுப் பெண். கேட்டவிதம் அப்படியே அந்த வீட்டுப் பழக்கம். இரண்டு வார்த்தை சொல்லி ஆறுதல் கொடுக்க லூர்துராணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு அவளைக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து தாயின் முன்னால் நிறுத்தினார்.

"அவங்க உடம்பு. அவங்களையே கேளும்மா."

ஷரபுன்னிசா கணவரைப் பார்த்தார். ஹபீபுல்லா தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் கைப்பிடியைச் சரி செய்தார். காபி விற்கிறவர்கள், சுமைதூக்குகிறவர்கள், ஓடுகிற குழந்தைகள் என்று ஜனம் நெரிகிற பிளாட்பாரத்தில் ஷரபுன்னிசா சொன்னார். உன் சித்திக்கு என்ன நோய் என்று எனக்கு அப்போதே தெரியும், அவளிடம் பொய் சொன்னேன் என்றார். அது மனசில் உட்கார்ந்து உடம்பைப் படுத்துகிறது, எனக்கும் அதே நோய், என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துத்தான் உன்னைப் போகாதே என்றேன் என்றார். ஸ்கேனை என் கண்ணால் பார்த்துவிட்டேன், அது இல்லை. ஆனால் வேறு நோய் இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன், சரியாக மாசக்கணக்காகும். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை.

ஷாஜியா அழுதுகொண்டே பெட்டியைக் கீழே வைத்தாள். அப்படின்னா நான் போகல, நீ சரியாகிறவரைக்கும் கூட இருக்கேன், அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன் என்றாள். ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. நேற்று முன்தினம்வரை ஷரபுன்னிசா கேட்க ஏங்கிய வார்த்தைதான் அது.

அவர் குனிந்து பெட்டியை எடுத்து மகளின் கையில் கொடுத்தார்.

"நீ வீட்ல இருந்தா உனக்காக நல்லா இருக்கற மாதிரி நடிப்பேன். எனக்கு அது நல்லாவே வரும். நீ போ. தினமும் போன் பண்ணு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்றேன்."

ரயில் கிளம்பிப் போன பிறகும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். ஹபீபுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடை திறக்கப் போனார். லூர்துராணி அன்றைக்கு டூட்டிக்கு முக்கால் மணி நேரம் தாமதம். வரிசை தெருவரைக்கும் நின்றது. பதினோரு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது தொண்ணூறு சீட்டுகூட எழுதியிருக்கவில்லை. அதைப் பெருமையாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்.